குறைந்தபட்சத் தேவைகள்

எட்டு ஜிபி கேட்கிறது.
என்னிடம் நாலு.
தனியாக ஒரு கிரபிக்ஸ் கார்ட் கேட்கிறது.
என்னிடம் இருப்பது
ஃபெக்டரி ஆபீசில் ஒன்பது வருஷம்
கொழுந்து நிறைக்குக் கணக்குப் போட்டுவிட்டு
ஏலத்தில் ஏழாயிரத்துக்கு வந்த லெப்டொப்.
கீல் ஒரு பக்கம் இல்லை.
நிமிர்த்தி வைக்க ஒரு மாஜரீன் டின்.

"ஓடாது" என்றார் ஹட்டனில் ரிஸ்மி நானா,
பின்மூடியைக் கழற்றுமுன்பே.
கழற்றியதும் சிரித்தார்.
விசிறி முழுக்கத் தேயிலைத் தூள்.
பிரஷ்ஷால் தட்டிப் பேப்பரில் சேர்த்தார்.
"ஒரு கோப்பைக்கு வரும், சாயந்தான் ஏறாது."
கழித்துப்போட்ட ஒன்றிலிருந்து நாலு ஜிபி எடுத்துச் செருகினார்.
பாதிக் காசு அன்றைக்கு,
மீதி சம்பளம் பத்தாந்தேதி.
"இப்பவும் ஓடாது தம்பி.
ஆனா அத அதுவே சொல்லட்டும்."

கேமை வாங்கி அனுப்பியவன் விதுஷன், தோஹாவிலிருந்து.
பரிசு என்றெல்லாம் இல்லை,
தனியாக விளையாடி அவனுக்கு அலுத்துவிட்டது.

நாற்பத்தொரு ஜிபி.
பன்னிரண்டு மணிக்குமேல்தான் நைட் டேட்டா.
ஷொப்பிங் பையில் ஃபோனைப் போட்டு
ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன்,
ஆறு ராத்திரி இறங்கியது.
பெரட்டுக்குப் போகிற அவசரத்தில்
அம்மா தினமும் கேட்டாள்:
"எத்தன எறங்குச்சு?"
"இருவது."
"அப்ப அரப்பேருதான்."

முதல் நாள் நொடிக்கு ஆறு ஃபிரேம்.
விதுஷனின் குதிரை ஒரு மரத்தடியில் நின்றது.
அப்புறம் வேறொரு மரத்தடியில் நின்றது.
இடையில் எப்படி வந்தான் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

"கொறச்சுப் போடு மச்சான்."

நிழலை எடுத்தேன்.
புல்லை எடுத்தேன்.
தண்ணீரில் தெரிந்த வானத்தை எடுத்தேன்.
மலைகளின் வளைவைக் குறைத்தேன்,
வெட்டி நட்ட தகரம்போல் நின்றன.
சந்தையில் நின்றவர்களுக்கு மூக்கு போனது,
அப்படியே விலை பேசினார்கள்.
கடைசியாகக் கேட்டது:
பனிமூட்டம் வேண்டுமா, வேண்டாமா?
நோர்வூட்டில் பிறந்த ஒருத்தனிடம்
அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.
வேண்டாம் என்று அமுக்கினேன்.
பதினொன்று.

ஆனால் கால் மணி நேரத்தில் அடிப்பாகம் ரொட்டிக்கல்.
சூடு ஏறினால் அது தானாகவே கை தளர்த்துகிறது.
சும்மா சொல்லக்கூடாது,
வேலை பழகிய ஆள்தான்.

ஜனவரி, ராத்திரி ரெண்டு மணி.
ஜன்னலைத் திறந்து
அதன் முதுகை வெளியே பார்க்க வைத்தேன்.
கம்பளி எனக்கு, குளிர் அதற்கு.
பதினாறு.
பத்தொன்பது.
தங்கச்சி போர்வைக்குள்ளிருந்து
என் பெயரில் தொடங்கி
கேம் செய்த கம்பெனிவரை திட்டினாள்.

"என்னடா போட்ட, இப்பிடி ஓடுது?"
"ஒன்னும் போடல. ஜன்னலத் தொறந்தேன்."

குதிரை கொஞ்ச நேரம் நகரவில்லை.
நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன்.
"இங்க ரூமுல ஆறு பேரு" என்றான்,
"ஜன்னலு சும்மா கண்ணாடிதான். தொறக்காது."

அவனுடையது புது மெஷின்,
எல்லாமே உச்சத்தில்.
புல் ஒவ்வொன்றாக ஆடுமாம்.
கணவாயில் ஏறும்போதுதான் தடுமாறினான்.
"ஒன்னுமே தெரியல மச்சான். முழுக்க மூட்டம்.
நீ முன்னால போ."
"அத நிப்பாட்டிப் போடேன், செட்டிங்ல இருக்கு."
"தெரியும்" என்றான்.
பிறகு, "இருக்கட்டும்."

எனக்கோ எல்லாம் துலக்கம்.
நிழலில்லாத பாதை, மூக்கில்லாத காவல்காரர்கள்,
தகர மலைக்கு அந்தப் பக்கம் இருந்த தகர மலையும்.
முன்னால் போனேன்.
வலது, பாலம், கொஞ்சம் நில் என்று
குரல் கொடுத்துக்கொண்டே.

நாலு மணிக்கு வெளியே இருந்தது உள்ளே வந்தது,
கம்பி தாண்டி, டின்னைத் தாண்டி.
திரை முழுக்க ஈரம்.
சட்டைக் கையால் துடைத்துவிட்டு,
"எடது பக்கம் பாற" என்றேன்,
"மெதுவா வா."